எதிரணி குறுக்கிடும் ஏலத்தில் கேம் கேட்கும் முடிவு: பிரிட்ஜ் ஆட்டத்தில் கணக்கும் மதிப்பீடும்

1. ஆய்வுப் பொருள்

நால்வர் இரண்டு இணைகளாகப் பிரிந்து 52 சீட்டுகளைக் கொண்டு ஆடும் பிரிட்ஜ் ஆட்டத்தில், சீட்டு இறக்குவதற்கு முன் நடைபெறும் ஏலத்தின் தலையாய கேள்வி, 'கேம்' எனப்படும் உயர்நிலை ஒப்பந்தத்தைக் கேட்பதா, அதற்குக் கீழே நின்றுவிடுவதா என்பதாகும். எதிரணி வாய் திறவாமல் இருக்கும் ஏலத்தில் இம்முடிவு பெரிதும் கூட்டல் கணக்காக அமைகிறது. இணையர் இருவரும் தத்தம் கையின் வலிமையைப் படிப்படியாக அறிவித்து, கூட்டுத்தொகை போதுமானதா எனப் பார்த்து முடிவு செய்கின்றனர். எதிரணியும் ஏலத்தில் குறுக்கிடும்போது நிலைமை மாறுகிறது: அறிவிப்பதற்கான இடம் சுருங்குகிறது, தவறினால் செலுத்த வேண்டிய விலை கூடுகிறது, எனினும் மறைந்திருக்கும் சீட்டுகளைப் பற்றிய புதிய செய்திகளும் எதிரணியின் வாயிலாகவே வந்து சேர்கின்றன.

திருக்குறளின் பொருட்பாலில் 48ஆம் அதிகாரமாக அமைந்துள்ள 'வலியறிதல்', ஒரு செயலில் இறங்குமுன் அச்செயலின் தன்மை, தன் ஆற்றல், எதிரியின் ஆற்றல், துணை நிற்போரின் ஆற்றல் ஆகிய நான்கையும் சீர்தூக்க வேண்டும் என்ற கருத்துடன் தொடங்குகிறது. அரசியலுக்குச் சொல்லப்பட்ட இந்நான்கு அளவைகளும் பிரிட்ஜ் ஏலத்தின் நான்கு கூறுகளோடு இயல்பாகப் பொருந்துகின்றன. ஆகவே இக்கட்டுரையின் பகுப்பும் அவற்றைத் தழுவியே அமைகிறது. இங்கு நிறுவ முற்படும் கருத்து இதுவே: குறுக்கீடு உள்ள ஏலத்தில் கேம் கேட்கும் முடிவை நிர்ணயிப்பது இணையின் மொத்த வலிமையின் அளவைவிட அவ்வலிமை எந்த இனத்தில், யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் அமைந்துள்ளது என்பதே, அம்முடிவின் சரி தவறும் முடிவெடுத்த நேரத்தில் கிடைத்த செய்திகளைக் கொண்டு அளக்கப்பட வேண்டுமே ஒழிய, பின்னர் விளைந்த பலனைக் கொண்டு அளக்கப்படலாகாது.

இவ்வாய்வுக்குத் தமிழகத்தில் நெருங்கிய களம் ஒன்று உண்டு. 2015 செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 10 வரை உலக அணிகள் பிரிட்ஜ் போட்டி சென்னையில் நடைபெற்றது. பெர்முடா கிண்ணம் என வழங்கும் பொதுப் பிரிவில் 22 அணிகள் மோதின. இறுதியாட்டத்தில் போலந்து சுவீடனை வென்றது. இத்தகைய போட்டிகளில் ஒரே சீட்டுப் பகிர்வு இரண்டு மேசைகளில் ஆடப்படுகிறது. ஓர் அணியின் ஓர் இணை ஒரு மேசையில் வடக்கு–தெற்காகவும், அவ்வணியின் மற்றோர் இணை அடுத்த மேசையில் கிழக்கு–மேற்காகவும் அமர்கின்றன. நல்ல சீட்டு வந்ததால் வென்றார் என்ற பேச்சுக்கு இம்முறையில் இடமில்லை. ஒரே சீட்டை வைத்து யார் எப்படி முடிவெடுத்தார் என்பது மட்டுமே ஒப்பிடப்படுகிறது. கேம் கேட்கும் முடிவின் மதிப்பைத் துல்லியமாக ஆராய முடிவதும் இந்த ஏற்பாட்டினால்தான்.

2. கேம் என்னும் எல்லை தோன்றிய காரணம்

ஒவ்வொருவருக்கும் 13 சீட்டுகள் வழங்கப்படுகின்றன. நால்வரும் ஆளுக்கு ஒரு சீட்டு இறக்கும் சுற்று ஒரு 'பிடி' எனப்படும். மொத்தம் 13 பிடிகள். ஏலத்தில் ஒருவர் 'மூன்று ஸ்பேடு' என்று கேட்டால், ஸ்பேடைத் துருப்பாகக் கொண்டு ஆறுடன் மூன்று சேர்த்து ஒன்பது பிடிகளைத் தம் இணை எடுக்கும் என ஒப்புக்கொள்கிறார் என்று பொருள். கேட்ட பிடிகளுக்கு ஸ்பேடிலும் ஹார்ட்டிலும் ஒவ்வொன்றுக்கு 30, டைமண்டிலும் கிளப்பிலும் 20, துருப்பில்லாத 'நோ டிரம்ப்' ஒப்பந்தத்தில் முதற்பிடிக்கு 40, அடுத்தவற்றுக்கு 30 எனப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. இவ்வாறு கேட்டுப் பெற்ற புள்ளிகள் 100ஐத் தொட்டால் அது கேம். ஆகவே மூன்று நோ டிரம்ப், நான்கு ஹார்ட் அல்லது ஸ்பேடு, ஐந்து கிளப் அல்லது டைமண்ட் ஆகியவை கேம் ஒப்பந்தங்கள். அதற்குக் குறைந்தவை 'பார்ட் ஸ்கோர்' என வழங்கப்படுகின்றன.

பார்ட் ஸ்கோரை நிறைவேற்றியவருக்கு 50 புள்ளி கூடுதலாகக் கிடைக்கிறது. கேமை நிறைவேற்றியவருக்கு 300, 'வல்னரபிள்' நிலையில் 500 கிடைக்கிறது. வல்னரபிள் என்பது ஒவ்வொரு பகிர்வுக்கும் முன்கூட்டியே குறிக்கப்பட்ட ஒரு நிலை; அதில் பரிசும் தண்டனையும் பெரியவை. கேட்டதில் ஒரு பிடி குறைந்தால் 50, வல்னரபிள் நிலையில் 100 எதிரணிக்குச் சேரும்.

முன்னர் ஆடப்பட்ட ஆக்ஷன் பிரிட்ஜில், கேட்காமலே எடுத்த பிடிகளும் கேமுக்குக் கணக்கில் சேர்ந்தன; குறைந்த விலையில் ஏலத்தை முடித்துவிட்டு அதிகம் எடுப்பதே அங்கு இலாபமாக இருந்தது. 1925இல் ஹெரால்டு வாண்டர்பில்ட் வகுத்த கான்ட்ராக்ட் பிரிட்ஜ் முறையில் கேட்ட பிடிகள் மட்டுமே கேமுக்கு எண்ணப்பட்டன. பத்துப் பிடி எடுக்கும் திறன் இருந்தும் மூன்று ஸ்பேடில் நின்றவருக்குக் கேம் பரிசு இல்லை என்ற இவ்விதியே, முன்னறிந்து துணிவதை ஆட்டத்தின் மையமாக்கியது. அந்த வகையில் கேம் கேட்கும் முடிவு இன்றைய பிரிட்ஜின் ஒரு பகுதி என்பதைக் காட்டிலும் அதன் அடிப்படை என்று கூறுவதே பொருந்தும்.

3. செயலின் ஆற்றல்: எவ்வளவு வாய்ப்புப் போதும்?

அணிப் போட்டிகளில் இரண்டு மேசைகளின் மதிப்பெண் வேறுபாடு 'இம்ப்' என்ற அலகுக்கு மாற்றப்படுகிறது. பெரிய வேறுபாடுகள் சுருக்கப்படும் வகையில் அம்மாற்று அட்டவணை அமைந்துள்ளது. வல்னரபிள் நிலையில் பத்துப் பிடி கிடைக்கும் ஒரு பகிர்வில் நான்கு ஸ்பேடு கேட்டவர் 620ம், மூன்றில் நின்றவர் 170ம் பெறுவர். வேறுபாடு 450, அதாவது 10 இம்ப். ஒன்பது பிடி மட்டுமே கிடைத்தால் கேம் கேட்டவர் 100ஐ இழக்க, மூன்றில் நின்றவர் 140 பெறுவார். வேறுபாடு 240, அதாவது 6 இம்ப். 10 பெறுவதற்காக 6ஐப் பணயம் வைப்பவருக்கு 16இல் 6 பங்கு, அதாவது 37.5 விழுக்காடு வாய்ப்பு இருந்தாலே நட்டமில்லை. வல்னரபிள் அல்லாத நிலையில் ஆதாயம் 6 இம்ப், இழப்பு 5 இம்ப்; ஆகவே அங்கு எல்லை ஏறத்தாழ 45 விழுக்காடு. வேறுபாட்டின் அளவைப் பாராமல் யார் முந்தினார் என்பதை மட்டுமே எண்ணும் மேட்ச் பாயின்ட் முறையில், இணைப் போட்டிகளில் இவ்வெல்லை 50 விழுக்காட்டை ஒட்டி அமைகிறது.

இக்கணக்கின் உட்பொருள் ஆழமானது. 40 விழுக்காடு வாய்ப்புள்ள வல்னரபிள் கேமை எப்போதும் கேட்கும் அணி ஐந்தில் மூன்று முறை தோற்கும். ஆயினும் வென்ற இரண்டில் 20 இம்ப் பெற்று, தோற்ற மூன்றில் 18 இம்ப் இழந்து, நிகரமாக 2 இம்ப் ஈட்டும். பெரும்பாலும் தோற்கும் ஒரு முடிவே நீண்ட ஓட்டத்தில் சரியான முடிவாக இருக்க இயலும் என்ற இவ்வுண்மையை உள்வாங்காத ஆட்டக்காரர், ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் தம் துணிவைக் குறைத்துக்கொண்டு, மெல்ல மெல்லத் தவறான பக்கம் சாய்ந்துவிடுகிறார்.

எதிரணியின் குறுக்கீடு இவ்வெல்லையை இரு திசைகளிலும் நகர்த்துகிறது. பொதுவாகக் கவனிக்கப்படாத முதல் திசை எல்லையைத் தாழ்த்துவது. குறுக்கீடு இல்லாதபோது ஓர் இணை இரண்டு ஸ்பேடில் அமைதியாக நின்றிருக்கலாம். எதிரணி மூன்று ஹார்ட் கேட்டதனால் மூன்று ஸ்பேடுக்கு ஏறியே ஆக வேண்டிய நிலை வந்துவிட்டால், ஒப்பிட வேண்டியவை மூன்று ஸ்பேடும் நான்கு ஸ்பேடும் ஆகும். வல்னரபிள் நிலையில் பத்துப் பிடி கிடைக்க 35 விழுக்காடு, ஒன்பது கிடைக்க 40 விழுக்காடு, எட்டு மட்டும் கிடைக்க 25 விழுக்காடு வாய்ப்பு உள்ளதாகக் கொள்ளலாம். இரண்டு ஸ்பேடோடு ஒப்பிட்டால், எட்டுப் பிடி கிடைக்கும்போது கேம் கேட்டவர் 110 பெறுவதற்குப் பதில் 200ஐ இழக்கிறார். அவ்வேறுபாடு 7 இம்ப். சராசரி ஆதாயம் 3.5 இம்ப், சராசரி இழப்பு 4.15 இம்ப், ஆகவே கேம் கேட்பது தவறு. மூன்று ஸ்பேடோடு ஒப்பிட்டாலோ, எட்டுப் பிடியில் அதுவும் ஒரு பிடி குறைந்து 100ஐ இழப்பதால் வேறுபாடு 3 இம்பாகச் சுருங்கி, சராசரி இழப்பு 3.15 ஆகிறது, இப்போது கேம் கேட்பதே சரி. சீட்டுகள் மாறவில்லை, வாய்ப்புகள் மாறவில்லை. எதிரணி ஒரு படி மேலே தள்ளியது ஒன்றே விடையை மாற்றிவிட்டது.

இரண்டாம் திசை எல்லையை உயர்த்துவது. தன் வலிமையை அறிவித்துவிட்ட எதிரணி, கேம் தோற்கும் என்று கருதினால் 'டபுள்' சொல்லித் தண்டனையைப் பெருக்கும். டபுள் செய்யப்பட்ட ஒப்பந்தத்தில் வல்னரபிள் நிலையில் ஒரு பிடி குறைந்தால் 200, இரண்டு குறைந்தால் 500 போகும். மேற்கண்ட அதே வாய்ப்புகளில், தோற்கும்போதெல்லாம் டபுள் விழும் எனக் கொண்டால் சராசரி இழப்பு 5.45 இம்பாக உயர்ந்து, கேம் கேட்பது பெருந்தவறாகிறது. எனவே குறுக்கீடு உள்ள ஏலத்தில் ஆட்டக்காரர் மதிப்பிட வேண்டியவை இரண்டு: கேம் நிறைவேறும் வாய்ப்பு எவ்வளவு என்பதும், நிறைவேறாதபோது எதிரணி அதை உறுதியாக அறியும் நிலையில் உள்ளதா என்பதும். துருப்பில் நான்கு சீட்டு வைத்திருப்பவரே பெரும்பாலும் அத்துணிவைப் பெறுகிறார் என்பதால், துருப்பின் பகிர்வு பற்றிய ஊகம் இங்கு இருமடங்கு முக்கியத்துவம் பெறுகிறது.

4. தன் ஆற்றலும் துணைவரின் ஆற்றலும்: எங்கே இருக்கிறது வலிமை?

ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 எனக் கணக்கிடும் உயர்சீட்டுப் புள்ளி முறை மில்டன் வொர்க்கின் பெயரால் அறியப்பட்டு, சார்லஸ் கோரனின் நூல்களால் உலகெங்கும் பரவியது. மொத்தம் 40 புள்ளிகள். அவற்றில் 25 அல்லது 26 இருந்தால் கேம் கேட்கலாம் என்பது தொடக்கநிலைப் பாடம். இந்த அளவுகோல் நோ டிரம்ப் ஆட்டத்துக்கும் சமநிலைக் கைகளுக்கும் நன்கு உதவினாலும், இரு தரப்பும் ஏலத்தில் இறங்கியிருக்கும் நிலையில் தன்னளவில் போதுமானதாக இருப்பதில்லை. பின்வரும் எடுத்துக்காட்டு அதைத் தெளிவாக்கும்.

தெற்கின் கையில் ஸ்பேடில் ஏஸ், ராஜா, 10, 7, 4. ஹார்ட்டில் 6 மட்டும். டைமண்டில் ராஜா, ஜாக், 5, 2. கிளப்பில் ராஜா, 8, 3 உள்ளன. மொத்தம் 14 புள்ளிகள். தெற்கு ஒரு ஸ்பேடு கேட்டு ஏலத்தைத் தொடங்குகிறார். மேற்கு இரண்டு ஹார்ட் என்று குறுக்கிடுகிறார், இவ்வகைக் குறுக்கீடு 'ஓவர்கால்' எனப்படும். வடக்கு இரண்டு ஸ்பேடு என ஆதரவளிக்க, கிழக்கு மூன்று ஹார்ட்டுக்கு உயர்த்துகிறார். தெற்கு இப்போது முடிவெடுக்க வேண்டும்.

வடக்கின் கை இரு விதமாக இருக்கலாம். முதல் விதத்தில் ஸ்பேடில் ராணி, 9, 3; ஹார்ட்டில் 8, 5, 2; டைமண்டில் ராணி, 8, 4; கிளப்பில் ஏஸ், 7, 6, 2. இரண்டாம் விதத்தில் ஸ்பேடும் டைமண்டும் அவ்வாறே இருக்க, ஹார்ட்டில் ராஜா, ஜாக், 5 உள்ளன. கிளப்பில் 7, 6, 4, 2 மட்டுமே. இரண்டிலும் 8 புள்ளிகள், இரண்டிலும் ஒரே வடிவம், இரண்டிலும் இணையின் கூட்டுத்தொகை 22. பாடநூல் எல்லையான 25ஐ இரண்டுமே தொடவில்லை.

முதல் கையுடன் ஆடும்போது ஹார்ட்டில் ஒன்று, டைமண்ட் ஏஸுக்கு ஒன்று, கிளப்பில் ஒன்று என மூன்று பிடிகளே போகும். நான்காவது டைமண்டை வடக்கின் துருப்பால் வெட்டவோ, டைமண்டோ கிளப்போ சமமாகப் பிரிந்தால் அதில் ஒரு பிடி கூடுதலாகப் பெறவோ வழிகள் பல உள்ளன. துருப்பு ஒழுங்காகப் பிரிந்தால் நான்கு ஸ்பேடு நல்ல ஒப்பந்தம். இரண்டாம் கையுடன் ஆடும்போது ஹார்ட் ஏஸ், டைமண்ட் ஏஸ் ஆகிய இரண்டும் போகும். ஹார்ட் ராஜாவின் மேல் ஒரு கிளப்பைக் கழித்துவிட்டாலும், கிளப் ஏஸ் ஓவர்கால் செய்த மேற்கிடம் இருக்குமானால் மேலும் இரண்டு பிடிகள் போய், ஆட்டம் ஒன்பதில் நின்றுவிடும்.

இவ்வேறுபாட்டின் காரணத்தை ஒரு எளிய கணக்கு காட்டிவிடுகிறது. தெற்கின் கையில் ஹார்ட் ஒன்றே இருப்பதால், அந்த இனத்தின் 10 புள்ளிகளை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்று இனங்களின் 30 புள்ளிகளை மட்டும் எண்ண வேண்டும். முதல் கையுடன் இணை அந்த 30இல் 22ஐ வைத்திருக்கிறது; எதிரணியிடம் பயனுள்ளவை 8 மட்டுமே. இரண்டாம் கையுடன் இணையிடம் 18, எதிரணியிடம் 12. எதிரணியின் இனத்தில் துணைவரிடம் உள்ள ராஜாவும் ஜாக்கும் எண்ணிக்கையில் சேர்ந்து பிடியில் சேராத சீட்டுகள். அவை வேறு இனத்தில் இருந்திருந்தால் கேமைத் தந்திருக்கும்.

ஆகவே தெற்கு தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா 'துணைவரிடம் எத்தனை புள்ளி' என்பதைவிட 'துணைவரின் புள்ளிகள் எங்கே' என்பதாகும். இங்குதான் எதிரணியின் ஏலம் அவருக்குத் துணை நிற்கிறது. மேற்கு இரண்டாம் படியில் ஓவர்கால் செய்திருக்கிறார், கிழக்கு அதை மூன்றாம் படிக்கு உயர்த்தியிருக்கிறார். ஒன்பது ஹார்ட்டுகளும் அவ்வினத்தின் மேற்சீட்டுகளில் பெரும்பகுதியும் அவர்களிடமே இருக்கும் வாய்ப்பு மிகுதி. அப்படியானால் வடக்கின் 8 புள்ளிகள் பிற இனங்களில் குவிந்திருக்கக் கூடும். எதிரணி எவ்வளவு உறுதியாக ஹார்ட் கேட்கிறதோ, அந்த அளவுக்கு ஒற்றை ஹார்ட் வைத்திருப்பவரின் கை மதிப்பேறுகிறது. மாறாகத் தெற்கிடம் ஹார்ட் ராணியோடு மூன்று சீட்டுகள் இருந்திருந்தால், அதே ஏலம் அவரது கையின் மதிப்பைக் குறைத்திருக்கும்.

5. எதிரியின் ஆற்றல்: குறுக்கீடு தரும் செய்தி

மேசையில் அமர்ந்திருக்கும் முறையும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். ஓவர்கால் செய்தவரிடம் மேற்சீட்டுகள் மிகுதி என்பது இயல்பு. அவர் ஒருவரின் இடப்புறம் இருந்தால், அவருக்குப் பின்னர் ஆடுகிறார்; ஏஸ் துணையில்லாத ராஜாவை இவர் இறக்கினால் அவர் ஏஸால் பிடித்துவிடுவார். அவர் வலப்புறம் இருந்தால் நிலைமை தலைகீழாகி, அதே ராஜா ஏறத்தாழ உறுதியான பிடியாகிவிடும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஓவர்கால் இடப்புறத்திலிருந்து வந்ததால் தெற்கின் கிளப் ராஜா துணைவரின் ஏஸை எதிர்நோக்கியே மதிப்புப் பெறுகிறது. இரு கைகளிலும் அதற்கு மூன்று புள்ளிகளே எண்ணப்பட்டன என்பது புள்ளி முறையின் வரம்பைப் புலப்படுத்துகிறது.

செய்தியின் மதிப்பை நிகழ்தகவு வழியாகவும் அளக்கலாம். கணிதவியலாளர் எமில் போரெலும் ஆந்த்ரே ஷெரோனும் இணைந்து 1940இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட பிரிட்ஜ் கணிதக் கோட்பாட்டு நூல் இத்துறைக்கு உறுதியான அடித்தளமிட்டது. ஓர் இனத்தில் எதிரணியிடம் ஐந்து சீட்டுகள் இருந்தால் அவை மூன்றும் இரண்டுமாகப் பிரியும் வாய்ப்பு 67.8 விழுக்காடு, நான்கும் ஒன்றுமாகப் பிரியும் வாய்ப்பு 28.3 விழுக்காடு, ஐந்தும் ஒருவரிடமே இருக்கும் வாய்ப்பு 3.9 விழுக்காடு. வேறு செய்தி ஏதும் இல்லாத நிலைக்கு உரிய எண்கள் இவை. ஏலத்தில் செய்தி கிடைத்தபின் இவை நிபந்தனை நிகழ்தகவாக, அதாவது அறிந்த ஒன்றைக் கருதித் திருத்தப்பட்ட வாய்ப்பாக மாற வேண்டும்.

ஒன்பது ஹார்ட்டுகளில் மேற்கிடம் ஆறும் கிழக்கிடம் மூன்றும் இருப்பதாக ஏலம் உணர்த்தினால், பிற இனங்களுக்கு மேற்கின் கையில் 7 இடங்களும் கிழக்கின் கையில் 10 இடங்களும் எஞ்சுகின்றன. இந்தக் காலியிடங்களைக் கொண்டு கணக்கிட்டால், எடுத்துக்காட்டில் காணாத ஐந்து ஸ்பேடுகள் மூன்று–இரண்டாகப் பிரியும் வாய்ப்பு 66.2 விழுக்காடாகச் சற்றே குறைகிறது. கேம் கேட்பதைத் தடுக்கும் அளவு மாற்றம் அதில் இல்லை. நான்கு–ஒன்றாகப் பிரியும் வாய்ப்பிலோ பெரிய சாய்வு ஏற்படுகிறது: நான்கு ஸ்பேடு கிழக்கிடம் இருக்கும் வாய்ப்பு 23.8 விழுக்காடு, மேற்கிடம் இருக்கும் வாய்ப்பு 5.7 விழுக்காடு. இதை அறிந்த தெற்கு, முதலில் தம் ஏஸையும் அடுத்து வடக்கின் ராணியையும் ஆடி, ராஜாவையும் பத்தையும் தம் கையில் தக்கவைத்துக்கொண்டால், கிழக்கிடம் ஜாக்குடன் நான்கு சீட்டு இருந்தாலும் வடக்கிலிருந்து துருப்பை ஆடி அந்த ஜாக்கைச் சிக்கவைக்க முடியும். எதிரணி வாய் திறவாமல் இருந்திருந்தால் இவ்வரிசையைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இருந்திராது. குறுக்கீடு ஏலத்தின் இடத்தைப் பறித்துக்கொண்டு ஆட்டத்தின் வழியைக் காட்டிக்கொடுக்கிறது; கேம் நிறைவேறும் வாய்ப்பை மதிப்பிடும்போது இந்த ஆதாயத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

6. மொத்தப் பிடி விதியின் பயனும் வரம்பும்

போட்டி ஏலத்தைப் பற்றிய எந்த ஆய்வும் ழான்–ரெனே வெர்ன் முன்வைத்த மொத்தப் பிடி விதியைக் கருதாமல் நிறைவுறாது. இரு தரப்பும் தத்தம் சிறந்த இனத்தைத் துருப்பாகக் கொண்டு எடுக்கக்கூடிய பிடிகளின் கூட்டுத்தொகை, இரு தரப்பும் அவ்வினங்களில் வைத்திருக்கும் துருப்புகளின் கூட்டுத்தொகைக்கு ஏறத்தாழச் சமம் என்பது அவ்விதி. லாரி கோஹன் 1992இல் வெளியிட்ட நூல் இதைப் பரவலாக்கியது. மைக் லாரன்சும் ஆண்டர்ஸ் விர்கிரெனும் 2004இல் வெளியிட்ட நூல், குட்டை இனங்களும் பயனுள்ள புள்ளிகளுமே பிடிகளைத் தீர்மானிக்கின்றன என்று வாதிட்டு இவ்விதியை மறுத்தது.

இவ்விரு நிலைப்பாடுகளும் இருவேறு வினாக்களுக்கு விடையளிக்கின்றன. மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஸ்பேடு எட்டு, ஹார்ட் ஒன்பது, கூட்டுத்தொகை 17. வடக்கின் இரு கைகளுக்கும் இக்கூட்டுத்தொகை ஒன்றே. கூட்டுத்தொகை இரு தரப்புக்கும் இடையில் எவ்வாறு பங்கிடப்படும் என்பதை விதி சொல்வதில்லை. கேம் கேட்கலாமா என்ற வினாவோ முற்றிலும் அந்தப் பங்கீட்டைப் பற்றியது. ஆகவே மூன்றாம் படி வரை போட்டியிடலாமா என்பதற்கு விதி நல்ல வழிகாட்டி. கேமுக்கு ஏறுவதற்கோ நான்காம் பகுதியில் கூறிய பயனுள்ள புள்ளிகளின் கணக்கே வழிகாட்டி.

எதிரணி நான்கு ஹார்ட் கேட்டபின் நான்கு ஸ்பேடு கேட்பதா என்ற ஓரிடத்தில் மட்டும் இரண்டும் கைகோக்கின்றன. இரு தரப்பும் வல்னரபிள் அல்லாத நிலையில், நான்கு ஸ்பேடு தோற்கும்போது மட்டும் டபுள் செய்யப்படும் எனக் கொள்ளலாம். மொத்தப் பிடிகள் 19 ஆகப் பத்தும் ஒன்பதுமாகப் பிரிந்தால், இரண்டு கேம்களில் ஒன்று கட்டாயம் நிறைவேறும். ஸ்பேடு நிறைவேறினால் 50க்குப் பதில் 420 கிடைத்து 9 இம்ப் ஆதாயம். ஹார்ட் நிறைவேறுவதாக இருந்தால் 420ஐ இழப்பதற்குப் பதில் 100ஐ மட்டும் இழந்து 8 இம்ப் ஆதாயம். எது நிறைவேறும் என்று தெரியாமலே நான்கு ஸ்பேடு கேட்பது சரியாகிறது. மொத்தம் 18 ஆக இருந்து ஒன்பதும் ஒன்பதுமாகப் பிரிந்தால் மட்டும் 4 இம்ப் இழப்பு. பத்தும் எட்டுமாகப் பிரிந்தால் எத்திசையிலும் ஆதாயமே. இங்கு கேம் கேட்பது வெற்றி நம்பிக்கையின் வெளிப்பாடாகவும் காப்பீடாகவும் ஒருசேர நிற்கிறது. எது என்று எதிரணியால் அறிய முடியாமையும் கேட்பவருக்கு ஓர் ஆதாயம்.

7. இடம் குறையும்போது இணையரின் புரிதல்

துணைவரின் ஆற்றலை அறிய ஏலத்தில் இடம் வேண்டும். எதிரணி மூன்று கிளப் கேட்டிருந்தால் தெற்கு மூன்று டைமண்ட் அல்லது மூன்று ஹார்ட் கேட்டுத் துணைவரின் கருத்தை வினவலாம். மூன்று ஹார்ட் கேட்டபோது, அதற்கும் மூன்று ஸ்பேடுக்கும் இடையில் வேறு கேள்விக்கு இடமே இல்லை. இந்நெருக்கடிக்கு வல்லுநர் கண்ட தீர்வு, அந்நிலையில் டபுளைத் தண்டனைக்காக அல்லாமல் கேமுக்கான அழைப்பாகப் பயன்படுத்துவது. 'மாக்சிமல் டபுள்' எனப்படும் இவ்வுடன்பாட்டின்படி மூன்று ஸ்பேடு என்பது போட்டிக்காக மட்டும் கேட்டது, துணைவர் மேலே செல்லலாகாது. டபுள் என்பது துணைவரின் முடிவைக் கோருவது. அழைப்பைப் பெற்ற வடக்கு தம் 8 புள்ளிகளை மறுபடியும் எண்ணுவதில் பயனில்லை. ஹார்ட்டில் வீணாகும் சீட்டு இல்லாத முதல் கையுடன் அவர் கேம் கேட்க வேண்டும். ராஜாவும் ஜாக்கும் ஹார்ட்டில் உள்ள இரண்டாம் கையுடன் மூன்று ஸ்பேடில் நிற்க வேண்டும்.

இதே நெறியின் மறுபக்கம், துணைவர் ஏற்கெனவே எண்ணிவிட்ட வலிமையை இரண்டாம் முறை எண்ணாதிருத்தல். எதிரணி ஒரு ஹார்ட், இரண்டு ஹார்ட் என்று கேட்டு நின்றுவிட, ஏலம் முடியும் தறுவாயில் ஒருவர் இரண்டு ஸ்பேடு என்று நுழைகிறார் எனில், தம் துணைவரிடம் கணிசமான புள்ளிகள் இருந்தாக வேண்டும் என்ற ஊகத்தின் பேரிலேயே நுழைகிறார். அத்துணைவர் தம் கையைக் கண்டு மகிழ்ந்து கேமுக்கு ஏறினால் ஒரே வலிமை இருமுறை செலவிடப்படுகிறது. நுழைந்தவரின் துணிவுக்குத் தண்டனை கிடைத்து, அடுத்த முறை அவர் நுழையவே தயங்குவார். இணையரின் நம்பிக்கை என்பது உணர்ச்சியைச் சார்ந்தது மட்டுமன்று; யார் எந்தச் செய்தியை எப்போது கணக்கில் கொண்டார் என்பதை இருவரும் ஒரே விதமாக அறிந்திருப்பதே அதன் உள்ளீடு.

8. தற்செயலும் திறனும்: ஒரு மறுப்புரைக்கு விடை

சீட்டு எதுவாயினும் சூதே என்ற கருத்து தமிழ்க் குடும்பங்களில் ஆழ வேரூன்றியது. 'சூது' என்ற அதிகாரத்தையே வகுத்த வள்ளுவரின் மரபில் அந்த அச்சத்துக்கு அறவழிப்பட்ட நியாயம் உண்டு. எனினும் தற்செயல் கலந்திருப்பதனாலேயே ஓர் ஆட்டம் சூதாகிவிடாது என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. ஆந்திரப் பிரதேச அரசுக்கும் கே. சத்தியநாராயணாவுக்கும் இடையிலான, 1968ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெறும் வழக்கில், ரம்மி பெரிதும் திறன் சார்ந்தது என்று கூறிய நீதிமன்றம், அதில் உள்ள தற்செயலைப் பிரிட்ஜில் சீட்டுப் பகிர்வதில் உள்ள தற்செயலோடு ஒப்பிட்டது. தமிழ்நாட்டிலிருந்து எழுந்த கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996இல் வந்த தீர்ப்பும் திறன் மேலோங்கி நிற்பதையே அளவுகோலாகக் கொண்டது.

இவ்வளவுகோலை மேலும் ஒரு படி கூர்மையாக்கக் கேம் கேட்கும் முடிவு உதவுகிறது. சூதாடுபவருக்கு நிகழ்தகவு வெளியிலிருந்து விதிக்கப்படுகிறது; அவர் எவ்வளவு சிந்தித்தாலும் அது மாறுவதில்லை. பிரிட்ஜ் ஆடுபவர் எதிரணியின் ஒவ்வொரு கேள்வியையும், கேட்காமல் விடும் ஒவ்வொரு 'பாஸையும்' செய்தியாக மாற்றித் தாம் கொண்ட நிகழ்தகவைத் திருத்திக்கொண்டே செல்கிறார். இரட்டை மேசை ஏற்பாடு பகிர்வின் தற்செயலை நீக்கிவிடுகிறது. எஞ்சும் தற்செயல் சீட்டுகள் எதிரணியிடம் பிரிந்திருக்கும் விதத்தில் மட்டுமே உள்ளது. அதுவும் பல பகிர்வுகளில் சமனாகிவிடும்போது, திருத்தம் செய்யும் திறன் மட்டுமே வெற்றியாக எஞ்சுகிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆடவர் இணைப் பிரிவில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வென்றதும், 2023இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டில் இந்திய ஆடவர் அணி வெள்ளி வென்றதும் இத்தகைய நீண்ட வரிசை முடிவுகளின் தொகுப்பால் விளைந்த வெற்றிகள்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, கேம் கேட்பதற்கான எல்லையை மதிப்பெண் முறையே வகுக்கிறது. எதிரணியின் குறுக்கீடு மாற்று ஒப்பந்தத்தின் விலையை உயர்த்தி அவ்வெல்லையைத் தாழ்த்துகிறது, டபுளின் அச்சத்தால் உயர்த்தவும் செய்கிறது. இரண்டில் எது வலியது என்பதை ஒவ்வொரு முறையும் எடைபோட வேண்டும். இரண்டாவதாக, இணையின் வலிமையை எண்ணும்போது எதிரணியின் இனத்தில் வீணாகும் சீட்டுகளைக் கழித்தே எண்ண வேண்டும். மூன்றாவதாக, மொத்தப் பிடி விதி போட்டியிடும் உயரத்தைச் சொல்லுமே தவிர, கேம் யாருடையது என்பதைச் சொல்லாது. நான்காவதாக, 37.5 விழுக்காடு போதும் என்ற நிலையில் தோல்வி அடிக்கடி நேர்வது முறையின் இயல்பே. ஆட்டம் முடிந்தபின் நிகழும் உரையாடலில் 'கேம் நிறைவேறியதா' என்று கேட்பதை விடுத்து, 'கேட்ட நேரத்தில் எந்தச் செய்தியை வைத்துக் கேட்டீர்கள்' என்று கேட்கும் இணையே வளர்கிறது.

இந்நெறி ஆட்ட மேசையோடு நின்றுவிடத் தேவையில்லை. நிபந்தனை நிகழ்தகவு நம் கல்லூரிகளில் பெரும்பாலும் குடுவையிலிருந்து பந்து எடுக்கும் கணக்குகளாகவே கற்பிக்கப்படுகிறது. அங்கே செய்தியைத் தருபவர் ஒருவரும் இல்லை, மாணவர் எடுக்க வேண்டிய முடிவும் இல்லை. பிரிட்ஜ் ஏலத்தில் இரண்டும் உண்டு. உலகப் போட்டியை நடத்திய சென்னையும், 1993இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயா அமைந்துள்ள காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரும் ஒரே வட்டாரத்தில் உள்ளன. இத்தகைய கல்வி ஊர்களின் கணித, கணினித் துறைகள் காலியிடக் கணக்கையும் இம்ப் எல்லைக் கணக்கையும் பயிற்சிப் பாடமாக எடுத்துக்கொண்டால், முழுமையற்ற செய்தியைக் கொண்டு பொறுப்போடு முடிவெடுக்கவும், பலன் எவ்வாறாயினும் அம்முடிவைக் காரணத்தோடு நிலைநாட்டவும் பழகிய ஒரு தலைமுறையை உருவாக்க முடியும். சீட்டைச் சூதிலிருந்து பிரித்துக் காட்டும் வாதங்களிலெல்லாம் அத்தகைய கல்வியே வலிமை மிக்கதாக அமையும்.